இடது பக்கம் ரெட்டை லைனிங்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு எப்பவும் ரெண்டு தேதி உண்டு. ஒன்னு வாயால சொல்ற தேதி, இன்னொன்னு துணியைக் கையில குடுக்கிற தேதி. அதனால டாக்டரம்மா ஆப்பரேஷன் திங்கக்கிழமைன்னு சொன்னப்போ, இவங்களும் நம்மள மாதிரி நாலு நாள் இழுத்தடிக்க மாட்டாங்களான்னுதான் மனசு ஏங்குச்சு.

இடது மார்ல கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க, பயந்த மாதிரியே கேன்சர்தான். முழுசா எடுத்துடணும்னுட்டாங்க. ராயபுரத்துல வூட்டு முன்ரூம்ல மிஷின் போட்டு, இருபது வருஷமா பொம்பளைங்களுக்கு மார் சுத்தளவு எடுத்தே சோறு தின்னவ நான். சாவுக்குக் கூட அவ்ளோ பயப்படல. ஒரு பக்கம் இல்லாம ஜாக்கெட் போட்டுக்கினு நாலு பேர் முன்னாடி எப்படி நிப்பேன்? அந்த பயம்தான் தூங்க விடல. ஆசுபத்திரி பெஞ்சுல டோக்கனோட உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்குச் சொன்னா புரியும்.

டேப்பைத் தொட விடாத கஸ்டமர்

முதல்ல பிலோமினாக்காவைப் பத்திச் சொல்லிடறேன். காசிமேட்டுல மீன் எடுத்து தெருத்தெருவா விக்கிறவங்க. வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி. ஆனா நான் டேப்பைக் கையில எடுத்தா ரெண்டடி பின்னால போயிடுவாங்க. ஒரு பழைய அளவு ஜாக்கெட்டைக் குடுத்து, அது மாதிரியே தைக்கச் சொல்வாங்க. அஞ்சு வருஷமா அதே ஜாக்கெட், சாயம் போயி வெளுத்தே போச்சு. கூடவே ஒரு விநோதம், இடது பக்கம் மட்டும் உள்ளே ரெட்டை லைனிங் வேணும்.

"எதுக்குக்கா ஒரு பக்கம் மட்டும்? புதுசா அளவெடுத்துத் தச்சா அம்சமா இருக்குமே"ன்னு நான் கேக்காத நாள் கிடையாது. திமிரு புடிச்ச பொம்பளைன்னு மனசுக்குள்ள திட்டிக்கினே தச்சுக் குடுப்பேன். அதுக்கு அவங்க சொல்ற பதிலும் மாறினதே இல்ல: "மீன் கூடைய இடுப்புல வெச்சா அந்தப் பக்கம்தான் ஒராயுது ஸ்டெல்லா. கேள்வி கேக்காம தை."

திருவிழா துணி

மாதா கோயில் திருவிழா நேரம். மிஷின் பக்கத்துல பதினாலு ஜாக்கெட் துணி குவிஞ்சு கிடக்கு. இந்த சமயம் பாத்தா கட்டி வரணும்? விஷயம் எப்படியோ வெளிய தெரிஞ்சு ஆளாளுக்கு வந்து பாத்தாங்க. ஹார்லிக்ஸ் வந்துச்சு, ஆப்பிள் வந்துச்சு, ஜெப எண்ணெய் வந்துச்சு. பின் தெரு ரோஸி வந்து என் கையைப் புடிச்சுக்கினு கொஞ்ச நேரம் அழுதா. இவ்ளோ பாசமான்னு நானும் உருகிட்டேன். அப்புறம் மூக்கைத் தொடச்சுக்கினு குவியலை ஒரு பார்வை பாத்தா. "ஞாயித்துக்கெழமக்குள்ள என்னுத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போக்கா. ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா துணி உள்ளயே மாட்டிக்கும்ல?"

செவுத்துல எழுதினது

போறதுக்கு முன்னாடி வூட்டை ஒழுங்கு பண்ணணுமே. என் வூட்டுக்காரர் அருள் ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டறாரு. எந்த கேட்டுல எவ்ளோ நேரம் லைன் நிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வாரு. உப்பு டப்பா எங்க கீதுன்னு தெரியாது. பொண்ணு ஜெனி பிளஸ் டூ, அவளுக்கு அவ போனு எங்க கீதுன்னு மட்டும்தான் தெரியும். யாரைச் சொல்லி என்ன, பழக்கினது நான்தானே. துணியில மார்க் பண்ற சாக்கை எடுத்து அடுப்பாங்கரை செவுத்துல எழுத ஆரம்பிச்சேன். அரிசி மூணு விசில். மோட்டார் தண்ணி ஆறு மணிக்கு. கேஸ் புக் பண்ற நம்பர். ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியில, என் கல்யாணப் புடவைக்கு அடியில. எழுத எழுத, என்னமோ உயில் எழுதற மாதிரி இருந்துச்சு.

அப்பனும் பொண்ணும் வந்து நின்னு படிச்சாங்க. அவரு பாதியிலேயே வெளிய போயிட்டாரு. ஜெனி மேலேந்து கீழ வரைக்கும் ரெண்டு தரம் படிச்சா. ஸ்கூல் ஃபேர்வெல்லுக்குப் புடவை கட்டணும்னு ஒரு மாசமா குதிச்சுக்கினு இருந்த பொண்ணு. ஜாக்கெட்டை எப்பவோ தச்சு வெச்சுட்டேன். கண்ணு கலங்கிப்போயி சொன்னா: "எல்லாம் எழுதிக்கீற. வெள்ளிக்கெழம எனுக்கு யார் பொடவ கட்டி வுடுவான்னு எழுதலயேமா."

முதல் டீ

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆசுபத்திரியில சேத்துட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி கூட கூடாதுன்னு நர்ஸ் சொன்னப்போ அவரு இன்னும் டிரெய்லரை விட்டுட்டு வந்து சேரல. காலையில ஆறு மணிக்குக் கையில ஃபிளாஸ்க்கோட வந்து நின்னாரு. "நானே போட்டேன் ஸ்டெல்லா, செவுத்தப் பாத்துதான் சக்கரய கண்டுபுடிச்சேன்"ன்னாரு. சட்டையெல்லாம் பால் கொட்டின கறை.

கல்யாணமாகி பத்தொன்பது வருஷம். அந்த மனுஷன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல நான். குடிக்கக் கூடாதுன்னு தெரியும், நல்லாவே தெரியும். ஆனா அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னு சொல்ல வாய் வரல. ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சேன். சக்கரை தூக்கல், டிகாஷன் கசப்பு. அவ்ளோ ருசியா நான் எதுவும் குடிச்சதில்ல. அரை மணி நேரத்துல நர்ஸ் வந்து கேட்டாங்க, மறைக்க முடியல. ஆப்பரேஷன் வியாழக்கிழமைக்குத் தள்ளிப் போச்சு, புதன்கிழமை வந்து சேருன்னு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவரு குத்தவாளி மாதிரி தலையக் குனிஞ்சு நின்னாரு. நர்ஸ் என்னப் பாத்துத்தான் கத்துனாங்க: "ஏம்மா, புருஷன் குடுத்தா விஷத்தக் கூட குடிச்சிருவியா?"

அளவு

உண்மையச் சொல்லிடறேன். வூட்டுக்கு வந்ததும் எனக்குள்ள ஒரு நிம்மதி. தள்ளிப் போனது போனதா இருக்கட்டும், இனிமே போகவே வேணாம், வர்றது வரட்டும்னு முடிவு பண்ணிட்டேன். ஆசுபத்திரிப் பையைக் கூட பிரிச்சு வெச்சுட்டேன். செவ்வாக்கிழமை மத்தியானம் பிலோமினாக்கா வந்தாங்க. மீன் கூடைய வாசல்ல வெச்சுட்டு, உள்ள வந்து கதவைத் தாப்பா போட்டாங்க. "டேப்ப எடு"ன்னாங்க. எனக்கு ஒன்னும் புரியல. முந்தானைய இறக்கி, ஜாக்கெட் ஊக்கை ஒவ்வொன்னா அவுத்தாங்க. இடது பக்கத்துலேந்து சுருட்டி வெச்ச பழைய பனியன் துணி ஒன்னு கீழ விழுந்துச்சு. உள்ளே தழும்பு மட்டும்தான்.

"அஞ்சு வருஷம் ஆவுது. வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன்னு ஊரெல்லாம் சொன்னேனே, அப்பதான் எடுத்தாங்க. நீ ஏத்தச் சொல்லிக் குடுத்த மெழுகுவத்தி இன்னும் எங்கூட்டு பரண்ல தான் கீது"ன்னு சொல்லி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. டேப்பும் கையுமா அவங்க தோள்ல சாஞ்சு, கட்டி வந்த நாள்லேந்து அழாததையெல்லாம் அழுது தீத்தேன். திமிருன்னு திட்டினேனே பாவி! அவங்க மேல ஐஸும் மீனுமா வாசனை. என் முதுகைத் தட்டிக் குடுத்துக்கினே சொன்னாங்க: "இன்னாத்துக்கு பயப்படற? அஞ்சு வருஷமா நீதான் எனுக்கு தச்சுக் குடுக்கற, உனுக்கே தெரியல. மத்தவளுக்கு இன்னாடி தெரியப் போவுது?"

ராயபுரத்துப் பொம்பளைங்க அளவெல்லாம் எனக்கு அத்துப்படின்னு இருபது வருஷம் பீத்திக்கினு திரிஞ்சவ, இதோ புதன்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கினு கிளம்பிட்டேன், ஃபிளாஸ்க்கை மட்டும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு.