சரோஜா சிஸ்டர் பார்த்த மணிக்கட்டு

செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் பழைய ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சைக்கிளை நிறுத்தி, "சரோஜா சிஸ்டர் காலைல தவறிட்டாங்க சார்" என்றார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் அவர் கட்டுப்போடும் அறையில் இருந்தார். நான் பக்கத்திலேயே மருந்து கொடுக்கும் ஜன்னலில். சீழ் நாற்றம் எனக்கு ஆகாது, குமட்டும். "மருந்து குடுக்கறவரே மூக்கப் புடிச்சிக்கினா நோயாளி எங்க போவான்?" என்று கேலி செய்வார். கிரிவலம் வந்து புண்ணாகிப் போன பாதங்களை அவர் மடியில் வைத்துத் துடைப்பார். எனக்குப் பார்க்கவே கூசும்.

அடி அண்ணாமலையிலிருந்து வள்ளியை அவளுடைய மாமனார் அழைத்து வந்தார். இருபத்திரண்டு வயது. கணவன் லாரி ஓட்டுகிறவன். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். இடது கன்னத்திலும் இடது கண்ணுக்குக் கீழேயும் மஞ்சளாகக் கசியும் புண். பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுப் போட்ட இடம் ஆறும். கட்டுக்கு வெளியே புதிதாக ஒன்று வரும்.

மூன்றாவது வாரம் சிஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தானா வர்ற புண்ணு கோடு போட்டாப்ல எறங்காதுங்க. எதையாவது தடவி வழிஞ்சாத்தான் அப்படி எறங்கும். சோத்துக் கை சுளுவா எட்டுற எடத்துலயே வருது. வெரல்ல கறை வேற. இவளே எதையோ தடவிக்கிறா. ஏன்னு கேக்கணும். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

என்னால் முடியவில்லை. சொந்த முகத்தை, அதுவும் கண்ணை ஒட்டி, ஒருத்தி இப்படிச் செய்துகொள்வாளா என்று அருவருப்பு. களிம்பு வாங்க வந்த மாமனாரிடம், "அவளேதான் பண்ணிக்கிறா. கையக் கட்டி வைங்க, சரியாயிடும்" என்றேன். விபூதிப் பட்டையும் வெள்ளை வேட்டியுமாக இருந்த அந்த மனிதர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் முகம் நன்றாக ஆறியிருந்தது. நான் பெருமையோடு எட்டிப் பார்த்தேன். சிஸ்டர் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு அறுத்த தடம். மாமனாரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"எம் மூஞ்சியவே பாத்துக்கினு மாமனாரு கிட்ட கிட்ட வருவாருக்கா. புண்ணு வந்ததுலேந்து வரல. இப்ப கையக் கட்டிட்டாரு. மூஞ்சியும் ஆறிடுச்சு."

அன்று நான் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அந்த ஆள் மேல் வந்த அருவருப்பைவிட என் மேல் வந்ததுதான் ஜாஸ்தி.

சிஸ்டர் வெளியே வந்து அவரிடம் நிதானமாகச் சொன்னார்: "இது திரும்ப வருங்க. ஒட்டிக்கும். கூட இருக்கறவங்களுக்கு மொதல்ல கண்ணுலதான் வரும். அம்மா வூட்டுக்கு அனுப்பிடுங்க."

அவர் பயந்துபோய்த் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். வள்ளியைப் போளூர் பஸ்ஸில் சிஸ்டரே ஏற்றிவிட்டார். என்னைத் திட்டவில்லை. "புண்ணு ஆறுனா போதும்னு நெனச்சிட்டீங்க" என்றார், அவ்வளவுதான். அதன்பிறகு எந்த நோயாளியைப் பற்றியும் என்னிடம் அவர் பேசியதில்லை.

இன்று அவர் வீட்டுக்கு வள்ளியும் வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே வெளிறிய தழும்பு. வழக்கப்படி சிஸ்டரின் கைக் கட்டை விரல்களைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சின் மேல் கை வைத்தபடி, "இத அவுத்துட்டுத்தான குழியில வெப்பீங்க?" என்று வள்ளி கேட்டார்.

ஆமாம் என்று யாரோ சொன்னார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போய் வாருங்கள், சிஸ்டர்.