குளித்து மூன்று நாள்

நான் குளித்துவிட்டேன் என்ற செய்தி மாதாமாதம் மடவளையிலிருந்து கடுகண்ணாவைக்கு பஸ்ஸில் போகும். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. என் கணவருக்கு அங்கே துணிக்கடை. மாமி, அதாவது அவருடைய உம்மா, மகன் இடுப்பில் கட்டும் வெளுத்த சாரம் ஒன்றை மடித்துப் பேப்பரில் சுற்றி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். சாரம் கையில் கிடைத்ததும் அவர் புறப்பட்டு வர வேண்டும். கொஞ்ச நாளில் டிரைவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பொட்டலத்தை வாங்கும்போது சிரிப்பை அடக்குவான். எனக்கு மானம் போகும்.

மாதவிடாய் நின்று குளித்த பிறகு மூன்று நாள்தான் கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும், பிறகு மூடிக்கொள்ளும் என்பார் மாமி. ஊரிலே எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஏழாம் நாள் குளிப்பேன். அவர் மூன்று இரவு தங்கிவிட்டு, பத்தாம் நாள் காலையில் இடியப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டுப் போய்விடுவார். பெருநாளைக்குக்கூடத் தொழுதுவிட்டு அந்திக்கே கிளம்பிவிடுவார்.

ஒருமுறை, "இன்னும் ரெண்டு நாள் நில்லுங்களேன் மச்சான்" என்று கேட்டுவிட்டேன். குசினியில் கறி கிளறியபடியே மாமி பதில் சொன்னார்.

"அதான் மூடியாச்சே புள்ள. கடையப் பூட்டிப்போட்டு இங்க நிண்டு எனத்துக்கு?"

இப்படியே ஏழு வருஷம். ஓதிய தண்ணீர், கஷாயம், ஒன்றும் மிச்சமில்லை. மலடி என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பேர் வைக்கும் வீடுகளுக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். எட்டாம் வருஷம் அவருக்குக் கடுகண்ணாவையிலேயே இரண்டாம் கலியாணம் செய்து வைத்தார்கள். அவள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் மாதம் முழுக்க அவருடனேயே இருந்தாள். வருஷம் திரும்புமுன் ஆண் பிள்ளை.

"கொற யார்லண்டு இப்ப வெளங்கிச்சா?" என்றார் மாமி. எனக்கும் அப்படித்தான் விளங்கியது. இரண்டு வீட்டுக்கும் சமமாக வர வேண்டியவர், உம்மாவைப் பார்க்கும் சாட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்து போனார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வயிற்று வலிக்காகக் கண்டியில் ஒரு லேடி டொக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண். அவர் கேட்கக் கேட்க, சாரம் அனுப்பிய கதை வரை சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எத்தின நாளைக்கொருக்கால் வாறது?"

"முப்பது நாள். தவறாது."

"அடுத்தது வாறதுக்கு ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு முன்னந்தான் கருமுட்டை வெளிய வாறது. முந்தி எங்களுக்கும் இது தெரியாது, இப்பதான் கண்டுபிடிச்சிருக்கினம். உங்களுக்குப் பதினோராம் நாளிலயிருந்து பதினாறாம் நாள் வரைக்கும் நல்ல நாள். அந்த நாளிலை அவர் ஒருக்காலும் நிக்கேல்லையோ?"

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏழு வருஷமும் கோழியடித்து அவரை வழியனுப்பிய மறுநாள்தான் என்னுடைய நாள் தொடங்கியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை அவரை அறைக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"இத உம்மாட்ட சொல்ல வாணாம். நொந்து போயிருவா" என்றார்.

சரி என்றேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வெட்கத்தை விட்டு, விரல் மடித்து எண்ணிச் சொன்னேன்.

"வார திங்கக்கெழம பதினோராம் நாள் மச்சான். அண்டைக்கு வந்து ஒரு கெழம நில்லுங்க."

அவர் கோபப்படவில்லை. நிம்மதியாகத்தான் சொன்னார்.

"இனி எனத்துக்கு? எனக்குத்தான் புள்ள இரிக்கே."