மைதானத்தின் இரண்டு பக்கமும் ஓடிய குழாய்

காலையில் நாளிதழ் எடுக்கக் கதவைத் திறந்தபோது, தார்ச்சாலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போய்க்கொண்டிருந்தது. கோலப்பொடியில் போட்ட கோடு. என் காரின் அடியில் நுழைந்து, மறுபுறம் வெளியேறி, அடுத்த வீட்டு வாசலைத் தொட்டு, வளைவில் திரும்பி மறைந்தது. இடையிடையே ஊதா நிற அரிசியில் வட்டங்கள். என் வாசலுக்கு நேர் எதிரே இருந்த வட்டத்தில் ஒரு மைனா நின்று நிதானமாக அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. யாரோ வீட்டில் கல்யாணம், எனக்கு அழைப்பு இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு எழுத்து படித்தவன் எதையும் முதலில் தன் மானப் பிரச்சினையாகத்தான் பார்ப்பான்.

அது கல்யாணக் கோலம் இல்லை, கழிவுநீர்க் குழாய். போட்டவர் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் அக்கா.

ஊரின் பெயர் வேண்டாம். மலேசியாவின் ஜொகூரில் எங்கே தடுக்கி விழுந்தாலும் இப்படியொரு தாமான் குடியிருப்பின் வாசலில்தான் விழவேண்டும். ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள், நடுவில் ஒரு மைதானம், மைதானத்தின் இரு பக்கமும் இரண்டு சாலைகள், பின்னால் வேலி போட்ட பழைய கழிவுநீர்க் குட்டை. காற்று திசை மாறினால் விருந்தாளிகள் சீக்கிரம் விடைபெறுவார்கள் என்பதைத் தவிர அந்தக் குட்டையால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. அதை மூடிவிட்டு, கழிவுநீரைக் குழாய் வழியாக வெளியே கொண்டுபோகப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குழாய் எந்தச் சாலையில் வரும், எப்போது தோண்டுவார்கள், எத்தனை மாதம் மூடுவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சே எதிர்ச்சாலைக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அக்காவால் அப்படி இருக்க முடியவில்லை. அவருடைய வீடு எங்கள் சாலையின் கடைசியில், குட்டை வேலியை ஒட்டி இருந்தது. அதற்கப்பால் வழி கிடையாது. அண்ணனுக்கு, அதாவது அவருடைய கணவருக்கு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்து வேன் வந்து, சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகும். சாலையைக் குறுக்கே வெட்டிப் போட்டால் வேன் வராது. ஒரு முறை தவறினால் உடம்பு வீங்கும். அடுத்த முறையும் தவறினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

“கொழா வேணாம்னு நான் சொன்னேனா தம்பி? இந்த நாத்தத்துல நானுந்தானே குடியிருக்கேன். எங்க வெட்டுவே, எப்ப வெட்டுவே, வேன் எப்படி வரும்? இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டு அப்புறம் ஊரையே வெட்டு” என்பார்.

சங்கத்தில் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவனுக்கு மனு எழுதவும் வரும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். வெளிப்படைத்தன்மை, குடிமக்களின் உரிமை, நல்லாட்சி என்று ஓங்கிய மலாயில் ஒரு மனு எழுதினேன். எழுதி முடித்து எனக்கு நானே வாசித்துக் காட்டிக்கொண்டபோது கண் கலங்கியது. நகர மன்றத்திலிருந்து, கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. என் எழுத்துக்கு அதற்குமுன் வந்த விமர்சனங்களோடு ஒப்பிட்டால் அது பாராட்டுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அக்கா தேறவில்லை. அலுவலகத்துக்கே போய் நின்றார். நான் துணைக்குப் போனேன். இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். மிகவும் மரியாதையான பையன். பெரிய வரைபடம் ஒன்றை முகப்பு மேசையில் விரித்துவிட்டு, பார்க்கலாம், ஆனால் படம் எடுக்கக்கூடாது, நகல் கிடையாது என்றார். ஏன் என்று கேட்டேன். இன்னும் சில விவரங்கள் முடிவாகவில்லை, வெளியே விட்டால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்றார். நாங்கள் ஏற்கெனவே குழம்பித்தான் வந்திருக்கிறோம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வரைபடத்தின் மேல் குனிந்துவிட்டார். நானும் பார்த்தேன். தட்டில் கொட்டிய மீ கோரெங் நூடுல்ஸ் மாதிரி இருந்தது. அக்கா மட்டும் விரலைக் காற்றில் அசைத்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்காவின் தொழிலை இங்கே சொல்லவேண்டும். தீபாவளிக் காலத்தில் தெப்ராவ் பக்கத்துப் பேரங்காடிகளின் கூடத்தில் வண்ண அரிசியால் மயில், யானை, தாமரை என்று பெரிய பெரிய கோலங்கள் போட்டிருப்பார்கள்; சீனர்களும் மலாய்க்காரர்களும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவற்றில் சில அக்கா போட்டவை. ஒரு மாதிரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து தரையில் இறக்குவது அவருக்குப் பழக்கம். எனவே மறுநாள் விடியலில், மிச்சமிருந்த கோலப்பொடியையும் ஊதா அரிசியையும் எடுத்துக்கொண்டு, குட்டையிலிருந்து தொடங்கிக் குழாயைச் சாலையில் இறக்கிவிட்டார். அரிசி வட்டங்களெல்லாம் ஆள் இறங்கும் குழிகள்.

நல்ல யோசனை. ஒரே ஒரு கோளாறு. கோடு எங்கள் சாலையோடு நிற்கவில்லை. மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ச்சாலையிலும், அதே வளைவோடு, அதே இடைவெளியில் அதே ஊதா வட்டங்களோடு, வீடு தவறாமல் போயிருந்தது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எதிர்ச்சாலை முழுவதும் வாசலில் நின்றது. முன்னணியில் ஒரு சீன அங்கிள். காஹாங்கில் தமிழர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் அவருடைய அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் அங்கிளின் தமிழில் என் தமிழைவிடக் காரம் அதிகம். கைப்பனியனும் அரைக்கால்சட்டையுமாக அக்காவை வழிமறித்தார்.

“ஏ அக்கா, என்னா இது? உங்க பக்கம்னுதானே சொன்னீங்க? இப்ப என் கேட்டுக்கு முன்னால எவன் குழி வெட்டப் போறான்?”

அக்கா பதில் சொல்வதற்குள், சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்திருந்த அண்ணன் மைதானத்துக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்.

“ஏய்! அந்தப் பக்கம் எதுக்குப் போட்டே? ஒரு பக்கந்தானேன்னு எங்கிட்ட சொன்னே!”

அக்கா திரும்பி, தான் போட்டதை முழுதாக ஒருமுறை பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“அலமாக்! அங்கிள், மன்னிச்சிருங்க. உங்க பக்கம் கொழா கெடையாது. கை தானா போயிருச்சு.”

“கை தானா போவுமா? கதை வுடாத லா.”

“நெசமா அங்கிள். கோலம்னா இந்தப் பக்கம் ஒண்ணு போட்டா அந்தப் பக்கமும் ஒண்ணு போட்டாத்தான் கை நிக்கும். எத்தனை வருசமா போடுறேன். தூக்கக் கலக்கம் வேற.”

சொல்லிக்கொண்டே அருகில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, தப்பான பாதியைப் பெருக்கத் தொடங்கினார். அங்கிள் விளக்குமாற்றின் மேல் காலை வைத்தார்.

“அழிக்காதே. நீ இல்லேங்கறே, சரி. கவுன்சில்காரன் இல்லேன்னு சொன்னானா? எங்கிட்ட ஒரு பேப்பர் காட்டினானா? அவன் வந்து சொல்லட்டும்.”

இதை நான் பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அக்கா உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அதை நம்ப யாருக்கும் வழியில்லை. வரைபடத்தைப் பூட்டி வைத்ததால் அக்காவின் பிழைக்கு இருந்த அதே மதிப்புதான் அக்காவின் உண்மைக்கும் இருந்தது. மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று மறைத்தவர்கள், குழப்பத்தைத் தீர்க்கும் வழியையும் சேர்த்து மறைத்துவிட்டார்கள். என் மனுவில் நான் சொல்ல விரும்பியது இதுதான். பக்கம் பக்கமாக எழுதியும் வராதது, அங்கிள் காலை விளக்குமாற்றில் வைத்ததும் வந்துவிட்டது.

கோடு வாட்சாப்பில் பறந்தது. அதுவரை கூட்டத்துக்கு வராதவர்களெல்லாம் மன்றத்தைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒரு சாலை கேட்டால் முணுமுணுப்பு, இரண்டு சாலை கேட்டால் பிரச்சினை என்று மன்றத்தில் ஏதோ கணக்கு இருக்கவேண்டும். நண்பகலுக்குள் அந்த இளம் பொறியாளர் காரில் வந்து இறங்கினார். வியர்த்திருந்தார்.

“இந்தப் பக்கம் குழாயே இல்லை! யார் இப்படிப் போட்டது?” என்று மலாயில் கேட்டார்.

“நான்தான், என்சிக். தப்பா போட்டுட்டேன்” என்று அக்காவும் மலாயில், ‘ஐயா’ போட்டே, ஒப்புக்கொண்டார்.

அங்கிள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தப்புன்னா, சரி எது? காட்டு.”

பொறியாளர் சாலையைப் பார்த்தார். இதற்குள் மைனாக்கள் பாதிக் குழிகளைத் தின்று முடித்திருந்தன. அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு பொய்க்கோட்டை மறுக்க மெய்க்கோடு ஒன்றுதான் வழி என்று தோன்றியிருக்கலாம். வெயில்கூடக் காரணமாக இருக்கலாம். கார் பின்பக்கத்தைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எடுத்து, முன்மூடியின் மேல் விரித்தார். காற்றில் பறக்காமல் ஒரு மூலையை அங்கிள் பிடித்தார், ஒன்றை அக்கா, ஒன்றை நான். நாலாவதைப் பொறியாளரே பிடித்துக்கொண்டார். அதனால், படம் எடுக்க நீண்ட கைப்பேசிகளைத் தடுக்க அவருக்குக் கையில்லை. தடுக்க விரும்பினாரா என்பதும் சந்தேகம்தான்.

குழாய் எங்கள் பக்கம் மட்டும்தான். அக்காவின் வீட்டு முன்னால் சாலை முழுவதும் மூடப்படும் என்று குறித்திருந்தது. அக்கா அந்த இடத்தில் விரலை வைத்தார், குரலை உயர்த்தவில்லை.

“இங்க என் வீட்டுக்காரர் இருக்காரு. வேன் எப்படி வரும்?”

பொறியாளர் தலையைத் தூக்கி, மைதானத்துக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். வரைபடத்தில் அந்த வீடு ஒரு சின்னச் சதுரம். அதில் யார் இருக்கிறார்கள் என்று போட்டிருக்கவில்லை.

தன் பக்கம் குழாய் இல்லை என்று தெரிந்ததும் அங்கிள் வீட்டுக்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். அவர் மூலையை விடாமல், “ஏன் முழுசா மூடணும்? பாதி பாதியா வெட்டு. பத்தலேன்னா எங்க ரோட்டு வழியா வந்து மைதானத்து ஓரமா திரும்பட்டும். நாங்க ரோட்டோரமா காடி நிறுத்த மாட்டோம்” என்றார். எதிர்ச்சாலைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், யாரும் மறுக்கவில்லை. அடுத்து நடந்த கூட்டத்தில், பூப்பந்து மண்டபச் சுவரில் வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. படம் எடுக்கலாம் என்று பொறியாளரே சொன்னார். சாலையைப் பாதி பாதியாகத்தான் வெட்டினார்கள். தூசி, சத்தம், சேறு எல்லாம் இருந்தன. ஆனால் வேன் ஒருநாளும் தவறவில்லை. வேன் வரும் நாள்களில் அங்கிள் வளைவில் வந்து நின்று, பள்ளத்தில் சக்கரம் இறங்காதபடி, “கோஸ்தான், கோஸ்தான்” என்று கை காட்டிப் பின்னால் எடுக்க வைப்பார்.

பிறகு நான் கூலாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. குட்டை இல்லை, அங்கே புல் முளைத்திருக்கிறது. சாலையில் வெட்டிய தடம்கூடத் தெரியவில்லை. அக்காவோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது வேன் சாலைக்குள் திரும்பியது. எதிர்ச்சாலையில் ஒரு கேட் திறந்தது. அதே கைப்பனியன். அங்கிள் நிதானமாக மைதானத்தைக் கடந்து, வளைவில் வந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார்.

“பள்ளம்தான் மூடியாச்சே. இன்னுமா?” என்று கேட்டேன்.

“நானும் சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. கேக்க மாட்டேங்குறாரு” என்றார் அக்கா.

அகலமான, வெறிச்சென்ற, பள்ளமே இல்லாத சாலையில் வேன் ஓட்டுநர் அங்கிளின் கையைப் பார்த்துப் பார்த்து, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து வந்தார். அண்ணன் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.