உண்ணிச்செடிக்குக் காவல்

எண்பதுகளில் சேலத்து மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் நாங்கள் வாங்கிய நிலத்தில் காப்பியைவிட உண்ணிச்செடிதான் அதிகம். எங்கிருந்தோ வந்த அந்தப் புதரை ஒழித்தால் இந்த மலையின் மரங்கள் தானாக எழும்பும் என்று என் வீட்டுக்காரர் நம்பினார். காப்பியை அம்போவென்று விட்டுவிட்டு, தினமும் கடப்பாரையோடு கிளம்பிவிடுவார்.

சொன்னது பொய்யில்லை. பிடுங்கிய இடங்களில் நாவலும் கடுக்காயும் முளைத்தன. ஒவ்வொரு கன்றுக்கும் முள்வேலி கட்டினார். மனுஷர் எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

தோட்டத்துச் சொந்தக்காரரே காப்பியை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டினால் ஊர் சும்மா இருக்குமா? காப்பிப் பழம் பறிக்க வரும் பெண் என் காதருகில் வந்து கேட்டாள்: “ஏனுங்கம்மா, வெள்ளக்காரத் தொரை பொதச்ச பொட்டி இன்னுஞ் சிக்கலீங்களா?”

நான் சிரித்துத் தொலைத்தேன். புதையலை மறைத்து மழுப்புகிறேன் என்று ஊரார் முடிவு கட்டிவிட்டார்கள். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், பாதித் தோட்டத்து உண்ணிச்செடி வேரோடு மல்லாந்து கிடந்தது. “கூலியில்லாத ஆளு புள்ள, நல்லாத் தோண்டட்டும்!” என்று இவர் துள்ளினார்.

வீட்டை ஒட்டிய மூலை தவிர புதரெல்லாம் தீர்ந்தது, பெட்டி கிடைக்கவில்லை. அடுத்து வேலிக்குள் கை வைத்தார்கள். ஒரு நாவல் கன்றைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். இவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பொட்டியெல்லாம் இல்லீங்க, வெறும் நாவக்கன்னு” என்று வழியில் போனவரிடமெல்லாம் கெஞ்சினார்.

“வெறும் நாவக்கன்னுக்கு ஆராச்சும் முள்ளுவேலி கட்டுவாங்களாங்க?” என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான்.

கடைசியில் நான்தான் யோசனை சொன்னேன். “ஏனுங்க, கன்னுங்க வேலியெல்லாம் பிரிச்சு, மூலையில மிஞ்சியிருக்கற உண்ணிச்செடியச் சுத்திக் கட்டுங்க. நீங்களும் அங்கயே உக்காந்துக்கோங்க.”

பச்சைப் பிள்ளைக்கு விஷம் வைக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். ஆனாலும் கட்டினார். நாற்காலி போட்டு, குடை பிடித்து, ஜென்ம விரோதிக்குக் காவல் இருந்தார். அது பட்டுப்போனால் வேறு செடிக்கு எங்கே போவது? கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். ஊர்க்கண் மொத்தமும் அந்தப் புதர்மேல்தான்.

வேலியில்லாத கன்றுகளை ஒருவரும் சீண்டவில்லை. இவரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆசையாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாலும் போதும், மறுநாள் அங்கே கடப்பாரை இறங்கிவிடும்.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்பார்: “ஏம்புள்ள, கடுக்கா இப்ப எத்தன ஒசரம்?”

நான் என் இடுப்பைத் தொட்டுக் காட்டுவேன்.