பலேர்மோவிலிருந்து இருபத்தேழு கடிதங்கள்

2009 ஏப்ரலில் நான் பலேர்மோ போனது ஊர் பார்க்க அல்ல. நேப்பிள்ஸில் ஆய்வு மாணவியாக இருந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் கூட்டாக எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் என் தலைப்பு. அதைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

நேப்பிள்ஸிலிருந்து கப்பல். இருக்கை மட்டும் என்றால் நாற்பது யூரோ. காலை ஆறரைக்குப் பலேர்மோ துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நகரின் முக்கிய வீதியான வியா மக்வேதா ஒன்றரை கிலோமீட்டர். பெட்டி சிறியதென்றால் நடந்துவிடலாம்.

விடுதி எடுக்கவில்லை. தோழி சொல்லி, இலங்கை மன்னாரைச் சேர்ந்த ஜெசிந்தா அக்கா வீட்டில் தங்கினேன். லிபெர்த்தா வீதிப் பக்கம் வயதான ஓர் இத்தாலிய அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அவருடைய தம்பி அன்ரன் வன்னியில் சண்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகப் போன் இல்லை.

முதல் நாள் என் கட்டுரை நன்றாகவே போனது. சிறிய நாடுகளின் மறுப்புரிமையைப் பறிக்கக் கூடாது, எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு என்று பேசினேன். கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால், அக்கா எனக்காகக் காத்திருந்தார். சண்டையை நிறுத்தச் சொல்லி ஐரோப்பாவுக்கு எழுத வேண்டுமாம். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்டார்.

ஒரு விலாசம் இல்லை என்றேன். வெளியுறவு விஷயத்தில் ஒன்றியத்தின் இருபத்தேழு நாடும் ஒப்ப வேண்டும், ஒன்று மறுத்தாலும் நின்றுபோகும் என்று விளக்கினேன். காலையில் மேடையில் சொன்ன அதே வாக்கியங்கள்தான். பாதியிலேயே என் குரல் இறங்கிவிட்டது.

அக்கா அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட நாட்டிலை பெரும்பான்மை எடுத்த முடிவு எங்களை என்ன செய்தது எண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி. எல்லாரையும் கேக்கிறது நல்லதுதான். ஆனா கேட்டு முடியும்வரைக்கும் தம்பி அங்கை உயிரோட இருக்கோணுமே."

அரிசியை உலையில் இட்டுவிட்டு, "அப்ப இருபத்தேழு கடிதம் எழுதுவம்" என்றார்.

மறுநாள் கருத்தரங்குக்குப் போகவில்லை. நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். அவர் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டார். எல்லாக் கடிதத்திலும் அன்ரனின் பெயரும் வயதும் இருக்க வேண்டும் என்றார். தபால் நிலையத்தில் டோக்கன் எடுத்து எழுபது நிமிடம் உட்கார்ந்தோம். இத்தனை நாட்டு விலாசங்களைப் பார்த்த அலுவலர், கல்யாண அழைப்பா என்று கேட்டார். தம்பி விஷயம் என்று அக்கா இத்தாலிய மொழியில் சொன்னார். அலுவலர் ஒவ்வொன்றாக முத்திரை குத்தினார்.

ஜூனில் அக்காவிடமிருந்து போன். அகதி முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்ததாம். நாங்கள் கடிதம் போட்ட பன்னிரண்டாம் நாள் ஷெல் விழுந்து அன்ரன் இறந்திருந்தார். சொல்லி முடித்ததும் அக்கா என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஆகஸ்டுக்குள் மூன்று பதில்கள் வந்தன. போனில் அக்கா ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். மூன்றும் மரியாதையான கடிதங்கள். கவலை கொண்டிருக்கிறோம், மற்ற உறுப்பு நாடுகளோடு பேசிவருகிறோம் என்றன. அக்கா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "மற்றவையள் இன்னும் கதைச்சு முடிக்கேல்லையோ?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

பலேர்மோ போகிறவர்களுக்கு: கப்பலில் இருக்கைக்குப் பதில் படுக்கை எடுங்கள், இடுப்பு தப்பிக்கும். தபால் வேலை இருந்தால் காலை எட்டரைக்கே போய்விடுங்கள். தமிழ் வீட்டில் தங்க வாய்த்தால், வெளியே சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எல்லோரையும் கேட்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் உயிர் போகும் விஷயத்தில் அதற்கு ஒரு கெடு வேண்டும். பத்து நாளில் ஒருமித்து வராவிட்டால் பெரும்பாலோர் ஒப்பினால் போதும் என்று ஆய்வேட்டில் ஒரு வரி சேர்த்தேன். பத்து எங்கிருந்து வந்தது, ஆதாரம் என்ன என்று தேர்வாளர் கேட்டார். அன்ரனின் பன்னிரண்டு நாளைத் தவிர, அடிக்குறிப்பில் போட என்னிடம் எதுவும் இல்லை.