எங்கள் வீட்டுத் துவக்கு அலுமாரி

சனிக்கிழமை பின்னேரங்களில் என் கணவர் பிஸ்டலோடு பஸ் ஏறுவார். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் பதற வேண்டாம், எல்லாம் சட்டப்படிதான். நாங்கள் இருக்கும் லோறென்ஸ்கூக்கில் ஏறி ஒஸ்லோ நகரத்துக்குள் இறங்கும்வரை அது அவருடைய கால்களுக்கு நடுவில், ஒரு நீல விளையாட்டுப் பைக்குள் கிடக்கும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி, மனிசன் பந்தடிக்கப் போகிறான் என்று நினைத்துச் சிரிப்பாள். துவக்கு வெளியே தெரியக்கூடாது, குண்டு ஏற்றியிருக்கக்கூடாது, கையை விட்டுப் போகக்கூடாது என்பது இங்கே விதி. ஆகவே வழியில் தமிழ்க் கடைக்குப் போனால் பையும் கடைக்குள் வரும். தோளில் பிஸ்டல் தொங்க, என் கணவர் வெண்டிக்காயின் நுனியை முறித்து முற்றலா பிஞ்சா என்று பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று பையின் ஸிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறைத்துக் கொண்டுபோவது இந்த நாட்டில் ஒரு கடமை. நான் வளர்ந்த இடத்தில் அதற்கு வேறு அர்த்தம். எண்பதுகளின் கடைசியில் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு இயக்கப் பெடியன் ஒருவன் வந்தான். சேர்ட்டை வெளியில் விட்டிருந்தான், கதிரையில் ஒருபக்கமாகச் சரிந்து இருந்தான், வலது கை இடுப்பை விட்டு அதிகம் நகரவில்லை. பெற்ற பிள்ளைகளை 'டேய்' என்றே கூப்பிட்டுப் பழகிய என் அப்பா அவனுக்கு "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். சேர்ட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒருவரும் காணவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் போனபிறகு அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. துவக்கு வைத்திருப்பவர்களைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே கட்டிலில் படுப்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியாவது கலியாணத்தைக் குழப்பியிருப்பேன்.

என் கணவருக்குத் துவக்குப் பழக்கம் வந்தது வேலை இடத்தில். பஸ் திருத்தும் கராஜில் இவரோடு நின்ற ஊலே என்ற நோர்வேஜியன் ஒருநாள் தன் பிஸ்டல் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிளப் இருப்பது நிலத்துக்குக் கீழே, குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டிய பழைய பங்கர் ஒன்றில். ஊரில் வெடிச்சத்தத்துக்கு ஒளிக்கப் பங்கருக்குள் ஓடியவர், இங்கே வெடி வைப்பதற்காகப் பங்கருக்குள் இறங்கினார். பாதுகாப்பு வகுப்புக்குப் போனார், மாதக்கணக்காகக் கிளப்பின் துவக்கால் பழகினார், பொலிசுக்கு விண்ணப்பித்தார். அனுமதி வந்த அன்று, கடவுச்சீட்டு கிடைத்த நாளில்கூட இல்லாத சந்தோசம் அவர் முகத்தில் இருந்தது.

"பொலிஸ் என்னை நம்பித் தந்திருக்கப்பா," என்றார். "என்னை."

எனக்குப் புரிந்தது. பத்தொன்பது வயதில் ஒரு சோதனைச் சாவடியில், அடையாள அட்டையை வாயில் கவ்வியபடி, தார் றோட்டில் வெயிலில் முழங்காலில் நின்றவர் இவர். அதைக் கலியாணமாகிப் பல வருசம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். சீருடை போட்ட ஒருவன் இவருடைய பெயரை வாசித்துவிட்டு, இந்த ஆளிடம் ஆயுதம் இருக்கலாம் என்று கையெழுத்து வைத்தது அவருக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று தெரிந்ததால்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். துவக்குக்காக ஒரு இரும்பு அலுமாரி வந்தது. மேல்மாடியில், சாமியறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில், சுவரோடு சேர்த்து ஆணி முறுக்கிப் பொருத்தினார். கவனக்குறைவான ஆள் என்று இவரை ஒருவரும் சொல்ல முடியாது. பூட்டின் திறப்பை வைப்பதற்கும் யோசித்து ஓர் இடம் கண்டுபிடித்தார்: பிள்ளையார் படத்துக்குப் பின்னால். எந்த நோர்வேக் கள்ளன் அங்கே தேடப் போகிறான் என்று எனக்கும் அது நல்ல இடமாகத்தான் பட்டது.

அடுத்த வருசம் என் தம்பி குகன் வந்து சேர்ந்தான். வன்னியில் இருந்து கொழும்பு, கொழும்பில் இருந்து கடலாலும் தரையாலும் எந்தெந்த வழியாலோ ஒஸ்லோ. அவனை இயக்கம் வீட்டில் இருந்து பிடித்துக்கொண்டு போய்ப் பயிற்சி கொடுத்ததும், ஒரு வருசத்துக்குமேல் வைத்திருந்ததும், அவன் தப்பி ஓடியதும் எங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் அகதி விசாரணையில் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். முடிவு வரவில்லை. கீழ்மாடி அறையைக் கொடுத்தோம். சாப்பிடுவான், கோப்பை கழுவி வைப்பான், கேட்டால் பதில் சொல்வான். நித்திரை கொள்வதில்லை என்பது கண்ணைப் பார்க்கத் தெரிந்தது. காலம் போகச் சரியாகிவிடும் என்று நானும் இவரும் ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம். துவக்கு வீட்டில் இருப்பதைப் பற்றி அவனோடு நாங்கள் கதைக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, வீடு வாங்கினால் வருகிறவர்களுக்கு முழுவதையும் காட்ட வேண்டும். குசினித் தட்டு, குளியலறை ஓடு, உடுப்பு அலுமாரி, எல்லாம் திறந்து காட்டினால்தான் வீட்டுக்காரருக்கும் திருப்தி, வந்தவருக்கும் திருப்தி. நோர்வேஜியர்கள் கதவு சாத்தியிருந்தால் எட்டியும் பார்க்க மாட்டார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம், கணினி வேலைக்குக் கோயம்புத்தூரில் இருந்து வந்த செந்திலும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். எங்கள் சொதியைப் பார்த்து, "இதென்ன மஞ்சக் கலர்ல ரசம் மாதிரி?" என்று கேட்கிற, மனதில் களங்கமில்லாத பிள்ளைகள். இவர் வீடு காட்டிக்கொண்டே மேலே போனார். இரும்பு அலுமாரியைச் செந்தில் கண்டுவிட்டான்.

"அண்ணா, உள்ள என்ன, நகையா?"

"பிஸ்டல்," என்றார் இவர், வெங்காயம் என்று சொல்வது போல.

"நிஜ கன்னா? சினிமாவுல பாத்ததோட சரி. ஒரு வாட்டி கையில புடிச்சுப் பாக்கலாமாண்ணா?"

கிளப்பில் படித்தது எல்லாம் அந்த இடத்தில் மறந்துபோனது. விருந்தாளி ஆசையாகக் கேட்டால் இல்லையென்று சொல்ல எங்களுக்கு வராது. இவர் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கைவிட்டுத் திறப்பை எடுத்தார், அலுமாரியைத் திறந்தார், குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு அவன் கையில் கொடுத்தார். செந்தில் அதை வாங்கிக் கொஞ்சம் பாரம் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே மனைவியின் பக்கம் நீட்டி, "ஹேண்ட்ஸ் அப்" என்றான். அவளும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.

சத்தம் கேட்டு மேலே வந்த குகன் அப்போது வாசலில் நின்றான். அவன் நடந்து வந்ததை நான் காணவில்லை. செந்திலின் மணிக்கட்டைப் பிடித்து நிலத்தின் பக்கம் தாழ்த்தினான், பிஸ்டலை வாங்கினான், மேல்பகுதியை இழுத்து உள்ளே பார்த்தான், விரலை விட்டும் தடவிப் பார்த்தான், அலுமாரித் தட்டில் முனை சுவரைப் பார்க்க வைத்தான். தகரப் பேணியால் தண்ணீர் அள்ளுவது போல, யோசிக்காமல் செய்தான். எங்கள் வீட்டில் ஒரு கோப்பையைத் தொடவும் தயங்குகிற பிள்ளை.

"சூப்பரா ஹேண்டில் பண்றாரே," என்றான் செந்தில்.

குகன் இவரைப் பார்த்து, "அத்தான், பூட்டுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனான்.

அதற்குப் பிறகு அவன் மேல்மாடிக்கு வருவதை விட்டுவிட்டான். சாமி கும்பிடவும் வரவில்லை. தை மாதத்தில் ஒருநாள், முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து நான் வீட்டுக்கு வந்தபோது, குகன் வாசல் படியில் பனிக்குள் இருந்தான். மெல்லிய சேர்ட். பின்னால் கதவு திறந்தபடி கிடந்தது.

"ஏன்டா இந்தக் குளிருக்கை இருக்கிறாய்?"

"உள்ளுக்கை தனிய இருக்கேலாமல் கிடக்கு அக்கா." படியில் கிடந்த பனியை விரலால் வழித்தான். "அத்தானைத் திறப்பை வேறை இடத்திலை வைக்கச் சொல்லுங்கோ."

"எங்கை இருக்கெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? அண்டைக்கு அவர் எடுக்கேக்கை கண்டனியோ?"

"அதுக்கு முந்தியே தெரியும். எங்கடை ஆக்கள் சாமிப் படத்துக்குப் பின்னாலை வைக்காமல் வேறை எங்கை வைப்பினம்?" சிரிக்கப் பார்த்தான். "ரெண்டு தரம் எடுத்தனான் அக்கா. திறக்கேல்லை, திருப்பி வைச்சிட்டன். நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யமாட்டன், அதுக்கு நீங்கள் பயப்பிடத் தேவையில்லை. என்னைப் பற்றித்தான் எனக்குத் தெரியேல்லை."

நான் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கம்பளியால் போர்த்திவிட்டு, மேலே ஓடித் திறப்பை எடுத்து என் சட்டைக்குள் போட்டேன். இவர் வேலையால் வரும்வரை குசினிக்குள்ளேயே அவனோடு இருந்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. யுத்தத்திலும் கடலிலும் தப்பிய ஒரு பிள்ளையை, வரிகட்டி, கடன் எடுத்து வாங்கிய வீட்டுக்குள், நாங்களே ஆபத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தோம்.

இவர் கேட்டு முகம் கறுத்துப்போனார். ஆனால் துவக்கை விடுவதாக இல்லை. "திறப்பை இனி என்ரை இடுப்பிலை வைச்சிருப்பன். அலுமாரியை உடைக்க ஆராலையும் ஏலாது. நீர் வீணாப் பயப்பிடுறீர்."

"பூட்டு நல்ல பூட்டுத்தான். அது உள்ளுக்கை இருக்கெண்டு அவனுக்குத் தெரியுமே?"

"சட்டப்படி என்ன செய்யவேணுமோ அதைச் செய்யிறன். அதுக்கு மேலை நான் என்ன செய்ய?"

அடுத்த நாள் குகனைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சொன்னது வெளியே போகாது என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபிறகுதான் குகன் வாய் திறந்தான். மருந்து தந்தார், கதைப்பதற்கு ஒரு ஆளை ஒழுங்குசெய்தார், கடைசியில், ஆயுதம் வீட்டில் இருக்கக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதையும் இவரிடம் சொன்னேன். இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிச் செய்தி பார்த்தார்.

அந்தக் கிழமையே துவக்கு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பொலிஸ்காரர் ஒருவர் அலுமாரி பார்க்க வருவதாக ஏற்கனவே அறிவித்திருந்தார். வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, துளை விழுந்த காலுறையோடு மாடி ஏறினார். அவருடைய இடுப்பில் துவக்கு இல்லை, இந்த நாட்டுப் பொலிஸ் அதை வாகனத்துக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். துவக்கு இருந்தது எங்களிடம். அலுமாரியைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார், சுவரில் முறுக்கிய ஆணிகளை அசைத்துப் பார்த்தார். வேறு யாரிடமாவது திறப்பு இருக்கிறதா என்று கேட்டார். இவர் இடுப்பைத் தட்டிக் காட்டி, இல்லை என்றார். அது உண்மைதான். "ஹெல்ட் இ ஓர்டன்," எல்லாம் ஒழுங்கு, என்று பொலிஸ்காரர் சிரித்தார்.

வாசலில் அவர் சப்பாத்துக் கட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் வழக்கு முடியவில்லை, நான் சொல்கிற ஒரு சொல் அவனுடைய கோப்பில் போய் ஏறினால் என்ன ஆகும் என்ற பயம் நாக்கைப் பிடித்தது. என்னிடம் இருந்த நோர்வேஜிய மொழியில் ஒன்றே ஒன்றுதான் வெளியே வந்தது: "என் தம்பிக்கு நித்திரை வருவதில்லை."

அவர் நிமிர்ந்து, அன்பாகத் தலையாட்டினார். "இது இருட்டுக் காலம். எங்களுக்கும் அப்படித்தான். மீன் எண்ணெய் குடிக்கச் சொல்லுங்கள்."

"தக்," நன்றி, என்றேன். கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது. என்னை மதித்துக் கதைத்த, காலுறை கிழிந்த அந்த நல்ல மனிதர்மேல் அப்படிக் கோபம் வந்தது. இவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலால் யன்னலைப் பார்த்தார். அலுமாரி திறந்த சத்தம் கேட்டுக் குகன் பின்கதவால் வெளியே போயிருந்தான். பனிக்குள், வேலியோரம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இவர் சப்பாத்தும் போடாமல் வெளியே போனார். இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அதிகம் கதைத்த மாதிரியும் இல்லை. திரும்பி வந்து நனைந்த காலுறையைக் கழற்றியபடி, "திங்கட்கிழமை துவக்கைக் கொண்டுபோய்க் கடையிலை குடுக்கிறன்," என்றார். "அதுவரை கிளப் அலுமாரியிலை இருக்கட்டும். ஊலேயை வரச் சொல்லுறன், காரிலை இப்பவே கொண்டுபோவம்."

அனுமதி பெற்ற ஆயுதக் கடையொன்றில் அதை விற்றார். ஏன் விற்கிறீர்கள் என்று கடைக்காரன் கேட்டதற்கு, நேரமில்லை என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து நீண்டநேரம் குளித்தார். அவரிடம் இருந்து நான் என்ன பறித்தேன் என்று எனக்குத் தெரியும். இந்த நாடு அவரை நம்பியதற்கு அவர் கையில் இருந்த சாட்சி அது. குகன் உயிரோடு இருப்பதற்கு முன்னால் அது பெரிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இன்னொரு தரம் வந்தாலும் பறிப்பேன்.

வெறும் அலுமாரியைச் சுவரில் இருந்து கழற்ற இவர் ஸ்பானர், குறடு எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். குகன் மாடிப்படியில் நின்று, "கழட்டாதேங்கோ அத்தான்," என்றான். "அது கிடக்கட்டும். பூட்டிக் கிடக்கட்டும்."

"உள்ளுக்கை ஒண்டும் இல்லையடா, வந்து பார்."

"தெரியும் அத்தான். பூட்டுங்கோ."

இவர் பூட்டினார். இப்போது பொலிசின் பதிவில் எங்கள் வீட்டில் ஆயுதம் இல்லை. குகன் மருந்து எடுக்கிறான், சில நாட்களில் நித்திரையும் கொள்கிறான். நான் வேலைக்குப் போகமுன் மேலே ஏறி அந்தக் கைபிடியை ஒருதரம் இழுத்துப் பார்க்கிறேன். நேற்று நான் ஏறும்போது இவர் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் கை பட்ட கைபிடி இன்னும் சூடாக இருந்தது, கீழே குகன், பூட்டித்தான் கிடக்கிறது என்று நான் வந்து சொல்லும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.