மிக்க திருப்தி

சண்முகப்ரியாவின் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு வைத்தவர் அவளுடைய நெறியாளர் பாலுசாமி: பெருந்துறை ஆடை ஆலையொன்றில் பெண் தொழிலாளர்களின் பணித் திருப்தி. வினாத்தாளும் அவர் கொடுத்ததே. யாரோ எப்போதோ செய்த ஆய்வின் கேள்விகள். ஆலையின் பெயர் மட்டும் மாறியிருந்தது.

அதே ஆலையில்தான் அவளுடைய அம்மா பழனியாத்தாள் துணியில் பிசிறு வெட்டுகிறாள். பெண்கள் வினாத்தாளைச் சந்தோஷமாக வாங்கினார்கள். "உன்ற படிப்புக்கா கண்ணு? கொண்டா, கொண்டா." கழிவறை, சூப்பர்வைசரின் நடத்தை, போக்குவரத்து என்று எல்லாவற்றுக்கும் எல்லாரும் 'மிக்க திருப்தி' என்ற கட்டத்திலேயே டிக் அடித்துக் கொடுத்தார்கள். கேட்டு வந்தவர் முகம் வாடும்படி பதில் சொல்லிப் பழகாத ஊர்.

பீளமேட்டுக் கல்லூரி அறையில் பாலுசாமி கணினித் திரையைப் பார்த்துப் பூரித்தார். "இத்தனை சுத்தமான டேட்டாவ நான் பார்த்ததேயில்ல அம்மணி. வெரசா எழுதிப்போடு."

"இதுல எதுவும் நெசமில்லீங்க சார்."

"நெசமா பொய்யான்னு நாம ஏன் சொல்லோணும்? டேபிள் சொல்லட்டும்."

எழுத உட்கார்ந்தால் ஒரு பத்திகூட நகரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாள் விடியலில் அம்மாவோடு வேலைக்குப் புறப்பட்டாள். ஆலை வேன் ஊருக்குள் தெருத்தெருவாகப் போய் ஆளேற்றும். அவர்கள் குடியிருக்கும் காலனிக்கு மட்டும் வராது. காலனிப் பெண்கள் இருட்டில் சோளக்காட்டை ஒட்டி நடந்து வந்து மெயின் ரோட்டில் நிற்க வேண்டும். வேன் வரும்போது சன்னலோர இருக்கைகளிலெல்லாம் ஊர்ப் பெண்களின் டிபன் பைகள் உட்கார்ந்திருக்கும்.

"ஏனுங்கண்ணா, காலனிக்குள்ள வரக்கூடாதுங்களா?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"ரோடு செரியில்லீங்க."

போன தேர்தலுக்கு முன் போட்ட கான்கிரீட் ரோடு அது.

அன்று மாலை அதை ஒரு பக்கம் எழுதினாள். மறுநாள் வேனின் பின்சீட்டில் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினாள். பக்கத்து ஊரில் ஏறும் உம்மல் குல்சும் பாதியிலேயே மறித்தாள்.

"ஏம்புள்ள, சோளக்காட்ட எழுதுன. நாய எழுதுனியா? உங்கம்மா அன்னிக்குச் செருப்ப உட்டுப்போட்டு ஓடியாந்தாளே!"

"அவ எங்க ஓடுனா? நாய்தான் அவளப் பார்த்து ஓடுச்சு," என்றாள் இன்னொருத்தி. பின்சீட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபோது, கர்ப்பமாக இருந்தபோது அதே வழியில் விழுந்ததை ஒருத்தி சொன்னாள். அதற்குமுன் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படித்தான் ஆய்வு வளர்ந்தது. எழுதுவது, படித்துக் காட்டுவது, அவர்கள் அடித்துத் திருத்துவது, மறுபடி எழுதுவது. அடுத்த அத்தியாயம் எதைப் பற்றி என்று அவளுக்கே முன்கூட்டித் தெரியாது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்று தேடுவதற்கு ஜோசியம் என்று பெயர். நம் பல்கலைக்கழகங்களில் அதை ஆராய்ச்சி என்கிறோம். அவள் செய்ததுதான் ஆராய்ச்சி. கேட்டவர்களையும் அது சும்மா விடவில்லை. "இத்தனையும் பேசறோம், வேனை உள்ள உடச் சொல்லி ஆபீசுல கேட்டா என்ன?" என்று பழனியாத்தாள்தான் ஆரம்பித்தாள். காலனிப் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டார்கள். பார்க்கலாம் என்றது நிர்வாகம்.

பாலுசாமி அந்தப் பக்கங்களை மேலாகப் புரட்டினார். குரலை உயர்த்தவில்லை, அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

"கதை நல்லாருக்குது கண்ணு. ஆய்வு எங்க? உங்க ஆளுகளப் பத்தி நீயே எழுதுனா நடுநிலை போயிருமில்ல?"

தன் சாதித் தொழிலதிபர்களின் சாதனைகளைப் பற்றி மூன்று நூல் எழுதியவர் அவர். அப்போது இந்த நடுநிலை எங்கே மேயப் போயிருந்தது?

"கெடு முடியுது. டேபிள் வச்சது கொண்டா, இப்பவே கையெழுத்துப் போடறேன். இதுக்கு வேற கைடு பார்த்துக்கோ."

அவள் துறையிலிருந்த மற்ற நெறியாளர்களையெல்லாம் கேட்டாள். யாரும் பாலுசாமியைப் பகைத்துக்கொள்ளத் தயாராயில்லை. வேனில் சொன்னபோது உம்மல் குல்சும் பட்டென்று சொன்னாள்: "மொதல்ல டாக்டர் ஆவு புள்ள. எங்க கதை எங்க போயிருது?" சண்முகப்ரியா அட்டவணைகளைச் சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள். பட்டம் வந்தது. காலனியில் பிளக்ஸ் வைத்தார்கள்.

அதன் பிறகுதான் நிர்வாகத்தின் பதில் வந்தது. பழனியாத்தாள் வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மேனேஜரு மதன்குமாரு கூப்புட்டுச் சொல்றாரு. போக்குவரத்துல உங்களுக்கு மிக்க திருப்தின்னு ஆராய்ச்சியே வந்துருச்சுங்களாமா. 'உங்க ஊட்டுப் புள்ளதானுங்க எழுதியிருக்குது, அப்புறம் என்னத்துக்குங்க வேனு?'ன்னு சிரிக்கறாரு. நீ அப்படியா எழுதுன?"

"நீங்க எல்லாரும் டிக் அடிச்சதும்மா அது."

"அது உனக்காவ அடிச்சது."

மறுநாள் விடியலில் சண்முகப்ரியாவும் காலனிப் பெண்களோடு நடந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தன் பக்கங்களை இனி எங்காவது அச்சில் கொண்டுவரலாம் என்று பாதி வழியில் சொன்னாள். "செரி கண்ணு," என்றார்கள், மிகுந்த மரியாதையாக. மெயின் ரோட்டில் வேன் வந்து நின்றது, பெண்கள் ஏறிக்கொண்டார்கள். அவளை யாரும் ஏறச் சொல்லவில்லை.